பாதி விலைக்கு ஒரு கால்

என் பாதம் தீய்ந்துகொண்டிருப்பதை முதலில் கண்டுபிடித்தது மார்லிஸின் மூக்கு.

“வெண்டெல், சாசேஜை அதுக்குள்ள நெருப்புல போட்டுட்டியா? ஏதோ தீயுற வாடை வருது,” என்று ட்ரெய்லர் வீட்டுக்குள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

“நான் இன்னும் ஐஸ் பெட்டியையே திறக்கல,” என்றேன் நிம்மதியாக.

ஏரியைப் பார்த்தபடி மடக்கு நாற்காலியில் சாய்ந்திருந்தேன். நெருப்புக் குழியைச் சுற்றி ஓர் இரும்பு வளையம் உண்டு. இரண்டு கால்களையும் அதன்மேல் நீட்டியிருந்தேன். வலது கால் சூடு பொறுக்காமல் எப்போதோ தானாக விலகிக்கொண்டது. இடது கால் அப்படியெல்லாம் யோசிக்கிற ஜாதி இல்லை. முழங்காலுக்குக் கீழே அது ரப்பரும் உலோகமும்தான். அசல் காலை, நான் இளைஞனாக இருந்தபோது, தானியம் ஏற்றும் இயந்திரம் ஒன்று வாங்கிக்கொண்டது. அன்றைக்கும் தவறு என்னுடையதுதான். இயந்திரத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

மார்லிஸ் வெளியே வந்து பார்த்தபோது ஷூவின் அடிப்பாகம் உருகி வளையத்தோடு ஒன்றாகியிருந்தது. காலை இழுத்தேன். கால் வந்தது. ஷூ வரவில்லை. ஷூவுக்குள் இருந்த ரப்பர் விரல்களும் வரவில்லை.

“வலிக்குதா?” என்று கேட்டாள், முகத்தில் ஒரு கோடு மாறாமல்.

“எனக்கு இல்ல. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வலிக்கும்.”

“நல்ல வேளை. நான் உன்னைச் சாப்பாடுன்னு நெனச்சுட்டேன்.” கெட்டிலில் இருந்த தண்ணீரை ஷூவின்மேல் ஊற்றினாள். கறுப்புப் புகை எழுந்தது. பக்கத்துக் கூடாரத்துக் குடும்பம் சட்டென்று ஏரிப் பக்கம் திரும்பி வாத்துகளை ரசிக்க ஆரம்பித்தது. மின்னசோட்டாக்காரர்கள் நாங்கள். ஒருவன் தன் காலையே கொளுத்திக்கொண்டாலும் உற்றுப் பார்ப்பது நாகரிகமில்லை.

அப்போதுதான் எனக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. “ஐயோ, இடத்துக்குப் பணம் கட்டலையே!”

இந்த முகாமில் வாசலருகே ஓர் இரும்புத் தூண் இருக்கும். இடம் பிடித்த கையோடு கட்டணத்தை உறையில் போட்டு அந்தத் தூணின் வாய்க்குள் தள்ளிவிட வேண்டும். அதை எப்போதும் செய்பவன் நான். காரணம், என் அட்டை.

அரசாங்கக் காடுகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஆயுளுக்கும் செல்லும் ஓர் அட்டை கொடுக்கிறார்கள். அதை முகாம் காவலரிடம் காட்டினால் இதுபோன்ற முகாம்களில் பாதிக் கட்டணம். நான் தங்கும் இடத்திலேயே தங்குவதால் என்னோடு வருபவருக்கும் அந்தப் பாதி கிடைக்கும். ஒரே நிபந்தனை, அட்டைக்கு உரியவன் நேரில் இருக்க வேண்டும். அட்டையை இரவல் கொடுக்க முடியாது. காலோடு சேர்த்துத்தான் கொண்டுவர வேண்டும், அதாவது கால் இல்லாத என்னோடு சேர்த்து.

அந்த நிபந்தனைதான் என் பிழைப்பு. ட்ரெய்லர் மார்லிஸுடையது. அதை இழுக்கும் வண்டியும் அவளுடையது. சமையல் அவள். பின்னால் எடுத்து நிறுத்துவதுகூட அவள்தான். நான் ஒரு முறை முயன்றதில் ஒரு கழிப்பறையின் சுவர் போனது. எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளிக் குடியிருக்கும் விதவை அவள். மனைவி விட்டுப் போன பள்ளிப் பேருந்து மெக்கானிக் நான். ஐந்து கோடைகளாகச் சேர்ந்து முகாம் போகிறோம். இந்தக் கூட்டணிக்கு நான் கொண்டுவந்த முதலீடு அந்த அட்டை ஒன்றுதான்.

ஆகவே ஐந்து கோடைகளாக எனக்குள் ஒரு கேள்வி. இவள் கூட்டிவருவது என்னையா, என் பாதிக் கட்டணத்தையா?

கேட்டுவிடலாம்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் நேராகக் கேட்பது கதவைத் தட்டாமல் அடுத்த வீட்டுக்குள் நுழைகிற மாதிரி. நேராகப் பதில் சொல்வது அதைவிட மோசம். காபி வேண்டுமா என்றால்கூட, வேண்டாம், சிரமப்படாதீங்க என்று இரண்டு முறை மறுத்துவிட்டு, மூன்றாம் முறை கேட்டால்தான் கோப்பையை நீட்டுவோம். ஒரு தடவை தைரியம் வந்து, “உன் தங்கச்சியைக் கூட்டிட்டு வரலாமே?” என்று மார்லிஸிடம் கேட்டேன். “அவ குறட்டை விடுவா,” என்றாள். நானும் குறட்டை விடுவேன். அதற்குமேல் கேட்கவில்லை.

இப்போது அந்தக் கேள்விக்குக் கெடு வந்துவிட்டது. அறுபத்திரண்டு வயதானால் யார் வேண்டுமானாலும் ஒரு முதியோர் அட்டை வாங்கிக்கொள்ளலாம். அதற்கும் இதே பாதிச் சலுகைதான். முதல் கோடையில் மார்லிஸ் தனக்கு ஐம்பத்தேழு என்றாள். அதிலிருந்து நானே கூட்டிக்கொண்டு வந்தேன். வருகிற அக்டோபரில் அறுபத்திரண்டு. அதன்பிறகு அவள் வண்டியில் ஒற்றைக்கால்காரனை ஏற்ற வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. அநேகமாக இதுதான் கடைசிக் கோடை என்று யோசித்துக்கொண்டே நெருப்பைப் பார்த்ததில்தான் பாதம் போனது.

“நீ உக்காரு, நான் போய்க் கட்டிட்டு வர்றேன்,” என்று மார்லிஸ் கிளம்பினாள்.

அவள் பாதை வளைவில் மறைந்த பிறகு சட்டைப் பையைத் தொட்டேன். அட்டை உள்ளேதான் இருந்தது. “மார்லிஸ்!” என்று கத்தினேன். பக்கத்துக் குடும்பம் மறுபடியும் வாத்துகளிடம் போனது. எழுந்து துரத்த என்னிடம் இருந்தது ஒன்றரைக் கால். முழுக் கட்டணம் கட்டப் போகிறாள், நான் எதற்கும் பிரயோஜனமில்லை என்பது அக்டோபருக்கு முன்பே நிரூபணமாகப் போகிறது என்று உட்கார்ந்துவிட்டேன்.

சீக்கிரமே திரும்பிவிட்டாள்.

“கட்டிட்டியா?”

“ஆச்சு.”

“முழுசாவா?”

“மழை வரும்போல இருக்கு,” என்று சொல்லிவிட்டு ட்ரெய்லருக்குள் போனாள். வானத்தில் துண்டு மேகம்கூட இல்லை.

கொஞ்ச நேரத்தில் முகாம் காவலர் டெல்மர் தன் பேட்டரி வண்டியில் வந்து இறங்கினார். ஓய்வுபெற்ற தபால்காரர். கோடை முழுக்கச் சம்பளமில்லாமல் இங்கேயே தங்கி முகாமைப் பார்த்துக்கொள்கிறவர். வளையத்தில் ஒட்டிய ஷூவை வெகுநேரம் பார்த்தார்.

“சார், இதைச் சுரண்டி எடுத்துடணும். அரசாங்கச் சொத்து.”

“எது, காலா?”

“வளையம். கால் உங்களோடது.”

நான் குரலைத் தணித்தேன். “ஒரு விஷயம். அவங்க எவ்வளவு கட்டினாங்க?”

“பாதி.”

“அட்டை இல்லாமலா?”

“அதெப்படி விடுவேன்? தூண்கிட்டதான் நின்னுட்டிருந்தேன். அட்டையையும் பார்த்தேன், லைசென்ஸையும் பார்த்தேன். ரெண்டும் பொருந்துச்சு.”

என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. “யார் அட்டை?”

“அந்தம்மாவோடது.”

“அப்போ அவங்க வயசு…”

டெல்மர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். “சார், நான் குப்பைத்தொட்டியில இருந்து கரடியை விரட்டியிருக்கேன். அதுக்காக எல்லா ரிஸ்க்கும் எடுக்க முடியாது.” வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

மார்லிஸ் இரண்டு தட்டுகளில் ஹாட்டிஷ் கொண்டுவந்தாள், கறியும் காய்கறியும் ஒரே பாத்திரத்தில் வேகும் எங்கள் ஊர்ச் சாப்பாடு. மேலே உருளைக்கிழங்கு மொறுமொறுவென்று சிவந்திருந்தது. என்னிடம் ஒன்றைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“உன்கிட்ட அட்டை இருக்கு,” என்றேன்.

“ம்.”

“எப்போலேர்ந்து?”

“ரெண்டு வருஷம் முன்னாடி உனக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் பண்ணாங்களே, அந்த வாரம் வாங்கினேன். நீ பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துட்டா நான் முழுக் கட்டணமா கட்டிட்டு அலையறது?”

“முதல் வருஷம் ஐம்பத்தேழுன்னு சொன்னியே!”

“சொன்னேன். நீ நம்பினே. ரெண்டு பேருக்கும் சந்தோஷமாத்தானே இருந்துச்சு?”

“சரி, அட்டை வாங்கினேல்ல. அப்புறம் எதுக்கு என் அட்டையையே நீட்ட விட்டே?”

“அதை எடுத்துக் காட்டுறப்போ உன் மூஞ்சியை நீ பார்த்ததில்லையே. கொள்ளைக்காரனைப் பிடிக்க வந்த ஷெரிப் பேட்ஜ் காட்டுற மாதிரி நிப்பே. அதைப் போய் யாராவது கெடுப்பாங்களா?”

முள்கரண்டியால் ஓர் உருளைக்கிழங்கைத் தட்டில் அங்குமிங்கும் நகர்த்தினேன். ஐந்து கோடைகளாக நான் பெருமையோடு காட்டிவந்த முதலீடு, கடைசி இரண்டு கோடைகளில் யாருக்கும் தேவைப்படவேயில்லை. அப்படியானால் பயணக்கூலி கொடுத்து வந்தவன் நான் இல்லை. சும்மா ஏறி உட்கார்ந்து வந்திருக்கிறேன்.

“அப்போ என்னை ஏன் கூட்டிட்டு வர்றே?”

“கெட்ச்அப் வேணுமா?”

“என்னை எதுக்குக் கூட்டிட்டு வர்றே, மார்லிஸ்?”

“கொசு வந்தாச்சு பாரு. மருந்து எங்க வெச்சே?”

வழக்கமாக இந்த இடத்தில் எழுந்து கொசு மருந்து தேடப் போயிருப்பேன். ஆனால் எழுந்து போக எனக்குப் பாதம் இல்லை. வளையத்தில் என் ஷூ மட்டும் இன்னும் லேசாகப் புகைந்துகொண்டிருந்தது.

“கேக்குறேன்ல. ஏன்?”

மார்லிஸ் தட்டைக் கீழே வைத்தாள். காகிதத் துண்டால் கையை நிதானமாகத் துடைத்தாள்.

“போன மே மாசம் நீ உன் மகன் வீட்டுக்குப் போயிருந்தப்போ, நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு சொன்னேன்ல? போகல. என் அட்டையை எடுத்துக்கிட்டு இதே ஏரிக்குத் தனியா வந்தேன். நாலு நாள் இருக்கலாம்னு வந்தவ, மறுநாள் காலையிலயே ட்ரெய்லரை மாட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். ஏரி நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் நல்லா இல்ல. நீ பக்கத்துல இருந்தா நல்லா இருக்கு, வெண்டெல். அதுக்குத்தான் கூட்டிட்டு வர்றேன்.”