கைக்குட்டையை உருவும் நேரம்

என் தங்கை ஓடீலின் புருஷன் அல்சீட் டிரம் வாசித்தால் சபையே எழுந்து நிற்கும். பாரிஸில் நின்றது, டோக்கியோவில் நின்றது. எங்கள் நியூ ஆர்லியன்ஸில், நான் ஒருத்தி மட்டும் உட்கார்ந்தே இருந்தேன்.

அவன் கை வித்தை ஊருக்கே தெரியும். மற்றவர்கள் அடிக்கிற நொடியில் அடிக்க மாட்டான். ஒரு மயிரிழை பிந்துவான். போச்சு, தவறவிட்டான் என்று நம் நெஞ்சு பதறும்போது அடி வந்து விழும். அந்த நிம்மதிக்காகத்தான் ஜனம் அவனைத் தேடிப் போனது.

வீட்டுக்கும் அப்படித்தான் வந்தான். ஈஸ்டருக்கு வருகிறேன் என்பான், புயல் மாதம் வந்துவிடும். ஓடீல் திங்கள்தோறும் சிவப்பு பீன்ஸ் வேகவைத்து அவனுக்கென்று ஒரு கிண்ணம் மூடி வைப்பாள். மறுநாள் அதை நான்தான் தின்பேன்.

"உன் புருஷனுக்கு வீட்டு வழி மறந்துபோச்சாடி?"

"பிந்தித்தான் வருவாரு அக்கா. ஆனா வந்துருவாரு" என்று சிரிப்பாள். சிரித்துவிட்டு வாசலைப் பார்ப்பாள். அந்தப் பார்வையை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

கடைசித் தடவை அவன் வந்தபோது அவள் சவப்பெட்டிக்குள் இருந்தாள்.

ஊர்வலத்துக்கு டிரம்மை அவனே கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டான். சத்தம் அமுங்குவதற்காக, வழக்கப்படி அதன் அடித்தோலில் அதிரும் கம்பிகளுக்குள் ஒரு கைக்குட்டையைச் செருகினான். ஓடீலின் மஞ்சள் கைக்குட்டை. மெல்ல நடந்து கல்லறைக்குப் போனோம். அவளை வைத்து மூடியாயிற்று. இனி டிரம்காரன் கைக்குட்டையை உருவிவிட்டுக் கணீரென்று உருட்ட வேண்டும். செத்தவளை வழியனுப்பிவிட்டு ஊரே ஆடிக்கொண்டு திரும்பும். அதுவரை யாரும் கால் அசைக்க மாட்டார்கள்.

அல்சீட் உருவவில்லை. டிரம்பெட்டோடு நின்ற நார்சீஸ் அண்ணன் கண்ணைக் காட்டினார். அவன் பார்க்கவே இல்லை. விரித்த குடைகளோடு அத்தனை பேரும் வெயிலில் நின்றார்கள்.

நான் அவன் காதருகே போனேன். "இப்பவும் லேட்டா? காத்துக் காத்தே செத்தா அவ. போறதுக்கும் உனக்காக நிக்கணுமாப்பா?"

"இதை உருவிட்டா அவ போயிருவா அக்கா." அவன் உதடு பிதுங்கியது. "கொஞ்சம் பொறு. ஒரே ஒரு தடவ நான் அவளுக்காகக் காத்து நிக்கிறேன்."

நல்லா திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் திட்டாமல், அவன் பக்கத்திலேயே நின்றேன். அவன் தெருப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான், அவள் வாசலைப் பார்த்த அதே மாதிரி. யாரும் வரவில்லை.

பிறகு கைக்குட்டையை உருவி என் கையில் திணித்தான். குச்சிகள் உயர்ந்தன. போச்சு, இவனால் முடியாது என்று என் நெஞ்சு பதறிய பிறகுதான் அந்த அடி விழுந்தது.

என் கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனால் கால் எழுந்துவிட்டது. தங்கையின் கைக்குட்டையைத் தலைக்கு மேல் வீசிக்கொண்டு, அழுதுகொண்டே வீடுவரை ஆடினேன்.

அவள் சொன்னது சரிதான். பிந்தித்தான் வந்தான், ஆனால் வந்துவிட்டான். அவள்தான் இல்லை.