சான்றிதழ் இன்னும் பருவமெய்தவில்லை

அரிமளம் கடைவீதியில் அமராவதி நடத்தும் ஆன்லைன் கடையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். பட்டா, சாதிச் சான்று, ஆதார் திருத்தம், பரீட்சை விண்ணப்பம் என்று வீட்டு வாசலுக்கே வந்துவிட்டதாகச் சொல்லப்படும் சேவைகளை எல்லாம், ஜனங்கள் பஸ் ஏறி வந்து அவளிடம்தான் வாங்கிக்கொண்டு போனார்கள்.

போன சித்திரையில் ஒருத்தர் வேலைக்கு விண்ணப்பிக்க பயோடேட்டாவை பென்டிரைவில் கொண்டுவந்தார். அவருக்கு வேலை கிடைத்ததோ இல்லையோ, பென்டிரைவில் இருந்த வைரசுக்கு அன்றைக்கே வேலை கிடைத்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் கம்ப்யூட்டரில் இருந்த அத்தனையையும் பூட்டிவிட்டு, சாவி வேண்டுமானால் டாலரில் பணம் அனுப்பச் சொன்னது.

“அக்கா, நீங்க போட்டிருக்கிறது திருட்டு விண்டோஸ். மறுபடி அதையே போட்டா மறுபடி இதேதான் வரும்” என்று ஓரத்து நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது. கார்த்திகேயன்.

அவனுக்குப் பெங்களூரில் சாப்ட்வேர் வேலை. பக்கத்து ஊரில் அவன் பாட்டன் கட்டிய வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். சுவர் இரண்டடி கனம். வெயில் உள்ளே வராது, திருடன் வர முடியாது, செல்போன் சிக்னலும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. வீட்டை மராமத்து பார்க்க ஒரு மாதம் வந்தவன், ஆபீஸ் வேலை பார்க்க லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தினமும் அமராவதி கடைக்கு வந்து உட்கார்ந்தான்.

“வேற என்ன தம்பி போடுறது?”

“லினக்ஸ் போடுறேன். சுதந்திர மென்பொருள்.”

“இனாமா?”

“இனாம் இல்லக்கா. சுதந்திரம். ரெண்டும் வேற.”

“காசு குடுக்கணுமா?”

“வேணாம்.”

“அப்ப இனாம்தானே தம்பி.”

வித்தியாசத்தை அவன் முக்கால் மணி நேரம் விளக்கினான். வாசலில் ஆறு பேர் நின்றார்கள். சுதந்திரம் என்றால் என்ன என்று அமராவதிக்குப் புரிந்ததோ இல்லையோ, தலையாட்டினால் சீக்கிரம் கிடைக்கும் என்று புரிந்தது. ஆட்டினாள்.

போட்டு முடித்ததும் கடைசியாக ஒன்று கேட்டான். “மொழி தமிழ்லயே வச்சிரவா?” கேட்ட தோரணையில் ஒரு கூச்சம் இருந்தது. காரணத்தை அவனே சொன்னான். அந்தத் தமிழ் அவனுடையது. திரையில் வரும் ஒவ்வொரு வரியையும் தமிழாக்கும் தன்னார்வக் குழு ஒன்று இருந்தது. நான்கு பேரில் ஒருத்தர் கல்யாணம் ஆகிப் போனார், ஒருத்தர் கனடா போனார், ஒருத்தர் ‘பண்பலை’யா ‘அலைவரிசை’யா என்ற சண்டையில் கோபித்துக்கொண்டு போனார். மிச்சம் இருந்தது இவன்தான். நாலு வருசத்தில் பதினாலாயிரம் வரிகளைத் தன்னந்தனியாக முடித்திருக்கிறான்.

“நல்ல காரியம் தம்பி” என்றாள் அமராவதி, மனசார.

அவன் பெங்களூர் போன மறுநாளே பிரிண்டர் நின்றது. திரையில் ஒரு வரி: ‘ஊடகம் வெறுமையுற்றது.’

பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் நகல் எடுக்க வந்திருந்த தங்கமுத்து, மூக்குக் கண்ணாடியை இறக்கி அதைப் படித்தார். அறுபது ஏக்கர் அளவுக்கு அரசியல் பேசுவார், நிலம் மூன்று ஏக்கர். “சரியாத்தான் சொல்லுது” என்றார். “நானே டிவியில நியூஸ் பாக்குறத விட்டுட்டேன்.”

அமராவதி பிளக்கைப் பிடுங்கி மாட்டினாள், பிரிண்டரைத் தட்டினாள், மையை எடுத்துக் குலுக்கினாள். கால் மணி நேரம் கழித்து, பேப்பர் தட்டு காலியாக இருப்பதைத் தங்கமுத்துதான் பார்த்தார்.

அடுத்த வாரம் குடிதண்ணீர்க் குழாய்க்குத் தோண்டிய ஜேசிபி, ஃபைபர் கேபிளையும் சேர்த்துத் தோண்டியது. நெட் போனது. திரை சொன்னது: ‘புரவலரை எட்ட இயலவில்லை.’ கேபிள்காரர் நாகராசுக்குப் போன் போட்டு அதை அப்படியே வாசித்துக் காட்டினாள்.

“எந்தப் புரவலர்க்கா? கோயில் திருவிழா நோட்டீஸ்ல போடுவாகளே, அவுகளா?”

“யாருன்னு தெரியல நாகராசு. எட்டலையாம்.”

“அரை மணி நேரத்துல வந்துரும்” என்றார் நாகராசு. புரவலரைச் சொன்னாரா, நெட்டைச் சொன்னாரா என்று தெரியவில்லை. எதுவானாலும் அவருடைய அரை மணி நேரம் என்பது மூன்று நாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். சொர்ணவல்லி விஷயம்தான் பொறுக்க முடியாமல் போனது. அவள் கைக்குழந்தையோடு வந்திருந்தாள், பிறப்புச் சான்றிதழில் பிள்ளை பெயரைச் சேர்க்க. பாதியில் கம்ப்யூட்டர் அசையாமல் நின்றது. பிறகு பெரிய எழுத்தில் கேட்டது: ‘தாய் மறைந்தது. சேய்கள் பதிலளிக்கவில்லை. கொல்லவா?’ கீழே ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு பொத்தான்.

சொர்ணவல்லி பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். சரளமாகப் படித்துவிட்டாள். பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள்.

“அது கம்ப்யூட்டரச் சொல்லுது தாயி. ஒன்னைய இல்ல” என்றாள் அமராவதி.

“இருக்கட்டும்க்கா. நான் திருமயத்துல போயி எடுத்துக்கிறேன்.”

அன்றைக்கு அமராவதி பெங்களூருக்குப் போன் போட்டாள். கார்த்திகேயன் பொறுமையாகக் கேட்டான். ஒரு புரோகிராம் திறந்துவிட்ட சின்னப் புரோகிராம்களைச் சேய் என்பது உலக வழக்கு, நிறுத்துவதைக் கொல்வது என்பதும் உலக வழக்கு, தான் மூலத்துக்கு விசுவாசமாக மொழிபெயர்த்ததாகச் சொன்னான்.

“உலகத்துல வழக்கா இருக்கட்டும் தம்பி. அரிமளத்துல பிள்ளையோட வந்தவ எந்திரிச்சுப் போயிட்டா.”

“புடிக்கலைன்னா நீங்களே திருத்தலாம்க்கா. யார் வேணாலும் திருத்தலாம். அதான் சுதந்திரம்.”

சுதந்திர மென்பொருள்காரர்கள் குறை சொல்பவரை வாயடைக்கச் சொல்லும் வாக்கியம் இது. கேட்டவர்கள் பொதுவாகப் போனை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அமராவதிக்கு அந்த மரபு தெரியாது. “எங்கிட்டுப் போயித் திருத்தணும்?” என்று கேட்டாள். அவன் வேறு வழியில்லாமல் இணையதள முகவரியை அனுப்பினான்.

மதியம் கடையில் கூட்டம் குறையும் நேரத்தில், நெட் இருந்த நாட்களில், அவள் உட்கார்ந்து திருத்தினாள். ‘ஊடகம் வெறுமையுற்றது’ என்பதை ‘பேப்பர் தீந்துபோச்சு. இங்கிட்டு வைங்க’ என்று மாற்றினாள். ‘புரவலரை எட்ட இயலவில்லை’ என்பதை ‘நெட் வரலை’ என்றாள். சேய்களைக் கொல்வது ‘இந்தப் புரோகிராம் மக்கர் பண்ணுது. மூடிரவா?’ ஆயிற்று. மூன்று வாரத்தில் நாற்பது வரி.

நாற்பதுக்கும் பதில் ஒரே நாளில் வந்தது. ‘தங்கள் ஆர்வத்திற்கு நன்றி. பேச்சு வழக்கு ஏற்கப்படுவதில்லை. நிராகரிக்கப்பட்டது.’ கீழே சரிபார்ப்பவர் பெயர் கார்த்திகேயன். யார் வேண்டுமானாலும் திருத்தலாம், ஏற்பதும் ஏற்காததும் அவன் கையில்தான் என்பதை அவன் முக்கால் மணி நேர விளக்கத்தில் சொல்ல மறந்திருந்தான்.

அமராவதி சண்டைக்குப் போகவில்லை. வெள்ளைத் தாளைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, எந்த வரி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி, மானிட்டரைச் சுற்றி ஒட்டிவிட்டாள். திரை நடுவில் தமிழ் இருந்தது, ஓரத்தில் அதற்குத் தமிழ் உரை இருந்தது. கடை ஓடியது. எண்ணூறு வருசத்துப் பாட்டுக்கு உரை எழுதுவார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறாள். நாலு வருசத்துத் தமிழுக்கே எழுத வேண்டியிருந்ததில் அவளுக்கு லேசாகப் பெருமைகூட.

ஆவணியில் கார்த்திகேயனின் அப்பாவுக்கு எண்பது நிறைந்தது. விசேசத்துக்கு முந்தின நாள் காலை பதினொரு மணிக்கு அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைக்குள் ஓடிவந்தான். சமையல்காரர்கள் பலகாரத் தூக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேசைமேல் இருந்த ஒரு கறுப்புப் பையின் மேல் வைத்துவிட்டார்கள். பையில் லேப்டாப் இருந்தது.

“அக்கா, பன்னெண்டு மணிக்குள்ள ஆபீசுக்கு ஒரு மெயில் போயாகணும். ஆபீஸ் மெயில் போன்ல திறக்காது, பாஸ்வேர்டு மட்டும்தான் அதுல இருக்கு. உங்க சிஸ்டத்தைக் குடுங்க.”

எழுந்து இடம் விட்டாள். அவன் உட்கார்ந்து மெயில் தளத்தைத் திறந்தான். திரை முழுக்கச் சிவப்பாக ஒரு பக்கம் வந்தது. ‘சான்றிதழ் இன்னும் பருவமெய்தவில்லை. வாயிற்காப்போர் மறுதலித்தார்.’

அவன் படித்தான். மறுபடி படித்தான். மவுசை அங்கிட்டும் இங்கிட்டும் ஆட்டினான். மூடித் திறந்தான். பருவமெய்தாமலே இருந்தது. மகளுக்கு வருமானச் சான்று எடுக்க வந்திருந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தங்கமுத்து அன்றைக்கும் இருந்தார். அவர் இல்லாத நாள் குறைவு.

“எத்தனை வயசாம்?” என்று கேட்டார்.

கார்த்திகேயன் போனை எடுத்துப் பார்த்தான். மணி பதினொன்று இருபது. மானிட்டரைச் சுற்றி ஒட்டியிருந்த சீட்டுகளை அப்போதுதான் கவனித்தான். ஒவ்வொன்றாகப் படித்தான். இந்த வரிக்குச் சீட்டு இல்லை, அமராவதிக்கு அது மனப்பாடம் என்பதால் எழுதவில்லை.

“அக்கா” என்றான். குரல் இறங்கியிருந்தது. “இது என்ன சொல்லுது?”

அமராவதிக்கு அந்த இடத்தில் சொல்ல நிறைய இருந்தது. நாற்பது நிராகரிப்பும் நாக்கு நுனிக்கு வந்தது. ஆனால் வேட்டி நுனியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தவனைப் பார்த்ததும் மனசு வரவில்லை.

“தேதி தப்பா இருக்கு தம்பி. காலையில கரண்டு போயி வந்துச்சுல்ல. உள்ள இருக்கிற பேட்டரி செத்துப்போச்சு. கரண்டு போனா இந்தப் பெட்டி ரெண்டாயிரத்துப் பதினொண்ணுக்குப் போயிரும். இன்னைக்குக் குடுத்த சான்றிதழ அன்னைக்குக் காட்டுனா எப்புடி ஒத்துக்கும்?”

குனிந்து தேதியை மாற்றினாள். மெயில் திறந்தது. பதினொன்று முப்பத்தொன்றுக்கு அனுப்பிவிட்டு அவன் நாற்காலியில் சாய்ந்தான்.

“அந்த வரி யாரு எழுதுனது?” என்று தங்கமுத்து விடாமல் கேட்டார்.

“யாரோ எழுதியிருக்காக” என்றாள் அமராவதி. “போக வேண்டிய மெயிலு போயிருச்சுல்ல. விடுங்க.”

கார்த்திகேயன் அவளைப் பார்த்தான். பிறகு செருப்பைத் தேடுவதுபோல் தரையைப் பார்த்தான்.

விசேசம் முடிந்து நாலாம் நாள் நாற்பது வரிகளும் ஏற்கப்பட்டன. கூடவே அவளைச் சரிபார்ப்பவராக நியமித்து ஒரு கடிதமும் வந்தது. குறை சொல்பவருக்குப் பதவி கொடுத்துவிட்டால் குறை குறையும் என்பது பஞ்சாயத்திலிருந்து பார்லிமெண்ட் வரை செல்லுபடியாகும் விதி. எப்படியோ, அடுத்த மாதம் வந்த புது அப்டேட்டில் அமராவதியின் தமிழ் உலகம் முழுக்கப் போனது. அவள் கடைக்கு மட்டும் எட்டு நாள் தாமதமாக வந்தது, ஜேசிபி இப்போது கால்வாய் தோண்டிக்கொண்டிருந்தது.

வந்த அன்று பிரிண்டரில் பேப்பர் வைக்காமலே ஒரு பிரிண்ட் கொடுத்துப் பார்த்தாள். ‘பேப்பர் தீந்துபோச்சு. இங்கிட்டு வைங்க’ என்று வந்தது. இரண்டாவது தடவையும் கொடுத்துப் பார்த்தாள்.

பத்து நாள் கழித்து, சரிபார்ப்பவர் என்ற முறையில் அவளுக்கு முதல் புகார் வந்தது. நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர் எழுதியிருந்தார். ‘இங்கிட்டு என்பது எழுத்துப்பிழையா? மாணவர்களுக்குப் புரியவில்லை. தீந்துபோச்சு என்பதையும் மாற்றினால் நலம்.’

அமராவதிக்குக் காது சூடேறியது. எழுத்துப்பிழையாமே. பிறந்ததிலிருந்து பேசுகிற சொல். “இங்கிட்டுன்னா தெரியாதாம். டீச்சராம்” என்று தங்கமுத்துவிடம் சொன்னாள்.

“தமிழ்நாட்டுலதான் இருக்காகளா?” என்றார் அவர்.

நிராகரிக்கும் பொத்தானில் விரலை வைத்துவிட்டாள். அமுக்கும் முன்னால், அந்த டீச்சர் நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு பிரிண்டரைத் தட்டுவது கண்ணில் வந்தது. ரொம்ப நேரம் யோசித்தாள். ‘இங்கிட்டு’வை எடுத்துவிட்டு ‘இங்கே’ என்று போட்டாள். ‘தீந்துபோச்சு’வை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அதுகூடப் புரியாதவர்கள் பேப்பர் வைத்து என்ன ஆகப்போகிறது.

மறுநாள் பெங்களூரிலிருந்து போன் வந்தது. கார்த்திகேயனுக்குக் கோபம்.

“இங்கிட்டை ஏன்க்கா எடுத்தீங்க? மண்ணோட சொல். பதினாலாயிரம் வரியையும் நம்ம ஊர்ப் பேச்சுக்கே மாத்திரலாம்னு இருக்கேன். அடுத்த மாசம் கான்பரன்ஸ்ல இதைப் பத்தித்தான் பேசுறேன். ‘மக்கள் தமிழில் கணினி’ன்னு தலைப்பு.”

“பேசுங்க தம்பி.”

“உங்களப் பத்தியும் ஒரு வரி சொல்றேன்.”

“சொல்லுங்க” என்று வைத்தாள். வாசலில் சொர்ணவல்லி நின்றாள். திருமயத்தில் பிள்ளை பெயரைத் தப்பாக அடித்துக் கொடுத்துவிட்டார்களாம். உள்ளே வராமல், திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் எட்டிப் பார்த்தாள்.

“ஒண்ணும் சொல்லாது, வா தாயி” என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள் அமராவதி.