ஆறு விடுப்புக் கடிதங்கள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் மனத்தில் உதிக்கவில்லை. உதிப்பதெல்லாம் விருது வாங்குகிறவர்களுக்கு. எனக்கு இது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனில் வந்தது. பேசியது என் தங்கை. தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை, ஒப்பந்த வேலை.

“அண்ணா, சின்னப் பிள்ளைங்களுக்குக் காய்ச்சலைத் தவிர வேற என்னென்ன வரும்?”

“சந்தேகம் வரும். ஏன்?”

“விளையாடாத. எனக்கு ஆறு வியாதி வேணும். அஞ்சு மணிக்குள்ள.”

2

[கல்வி என்பது ஒரு சமுதாயத்தின்

அடித்துவிட்டேன். அந்த வாக்கியத்தை முடித்தவர்கள் எல்லாரும் கழுத்தில் மாலையோடு எங்கோ மேடையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.]

விஷயம் இதுதான். வியாழக்கிழமை தரத்தேர்வு. எல்லாப் பள்ளிக்கும் ஒரே நாள், ஒரே தாள். வகுப்பின் சராசரி அறுபதுக்குக் கீழே இறங்கினால் ஒப்பந்த ஆசிரியை அடுத்த வருடம் வர வேண்டியதில்லை. தேர்வுக்கு வராத பிள்ளை சராசரியில் சேராது.

இந்தக் கடைசி விதியில் ஒளிந்திருந்த தத்துவத்தைக் கண்டெடுத்தவர் தலைமையாசிரியை. (ஆசிரியைகள் அவருக்கு வைத்த பெயர் சராசரியம்மா.) ஒரு பிள்ளையைப் படிக்க வைக்க ஒரு வருடம் ஆகும், படுக்க வைக்க ஒரு கடிதம் போதும். தங்கையின் வகுப்பில் முப்பது பேர். அதில் ஆறு பேர் வியாழக்கிழமை ‘நோயுற வேண்டும்’ என்று உத்தரவு. ஆறு பேருக்கும் காய்ச்சல் என்றால் சுகாதாரத் துறை வண்டி வந்து நிற்கும். ஆகவே ஆளுக்கொரு வியாதி, ஆளுக்கொரு கடிதம், கீழே பெற்றோர் கையெழுத்து.

3

எழுதிக் கொடுத்தேன். நல்லவன் வேஷமெல்லாம் எனக்கு வேண்டாம். ஒருவனுக்குக் கண் சிவந்தது. ஒருத்திக்குப் பல் வீங்கியது. ஒருவன் மாடிப்படியில் சறுக்கினான். ஒரு கடிதத்தில் அப்பாவின் பதற்றம், இன்னொன்றில் அம்மாவின் அலுப்பு. நடைக்கு நடை வித்தியாசம். சராசரியம்மா ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் ஏற்றுக்கொண்டார்.*

ஆறாவது கடிதத்துக்கு வரும்போது கற்பனை வறண்டுவிட்டது. ‘கடும் வயிற்றுப்போக்கு’ என்று போட்டு முடித்தேன்.

* பதிப்பாளர்கள் கவனிக்க.

4

அந்த ஆறாவது ஆள்தான் எனக்குப் பிரச்சினை. வகுப்பில் அவளுக்குப் பொத்தான் என்று பெயர். அம்மா ஆடைத் தொழிற்சாலையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பவர். பிள்ளையின் சட்டையில் ஐந்து பொத்தான், ஐந்து நிறம். வயது எட்டு. மற்றவர்கள் ஒரு பக்கத்தை முடிக்கும்போது இவள் இரண்டாவது வரியில் விரலை வைத்துக்கொண்டு இருப்பாள்.

இப்படி ஒரு பிள்ளையைக் கதைக்குள் விட்டால் வாசகர்கள் உடனே கைக்குட்டையை எடுத்துவிடுவார்கள். நையாண்டியில் பரிதாபம் சேர்ந்தால் பாலில் எலுமிச்சை பிழிந்த கதைதான். அதனால் அவளைக் கொஞ்சம் கெட்டவளாக்கிப் பார்த்தேன்:

[பொத்தான் ஒரு வாலு. பக்கத்தில் உட்காருகிறவர்களை எல்லாம் கிள்ளி]

தங்கையிடம் படித்துக் காட்டினேன்.

“அவ யாரையும் கிள்ளினதே இல்ல. பொய் எழுதாத, அண்ணா.”

“அடேங்கப்பா! அப்ப அந்த ஆறு கடிதம்?”



“அது வேலை,” என்றாள்.

5

வியாழக்கிழமை, ஒன்பது மணி பத்து நிமிடம்.

“அண்ணா, பொத்தான் வந்துட்டா.”

“எதுக்கு?”

“பள்ளிக்கூடத்துக்கு எதுக்கு வருவாங்க?”

நடந்தது இது. கடிதம் பிள்ளையின் டைரிக்குள் போயிருக்கிறது. டீச்சர் கொடுத்தது சரியாகத்தான் இருக்கும் என்று அம்மா படிக்காமலே கையெழுத்துப் போட்டு, இன்று வீட்டிலேயே இரு என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். பொத்தான் கடிதம் வந்த அன்றே அதில் விரலை வைத்திருந்தாள். இரண்டு சாயங்காலமும் ஒரு காலையும் ஆகியிருக்கின்றன. முடித்ததும் பையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கக் கடிதத்தை நீட்டியிருக்கிறாள்:

“டீச்சர், இதுல தப்பு இருக்கு. எனக்கு வயித்தால போகல.”

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறது.

“யாரு உனக்குப் படிச்சுக் காட்டினது?”

“நானேதான். ‘கடும்’னா என்ன டீச்சர்? அது மட்டும் புரியல.”

வாசிக்கத் தெரியாது என்பதற்காக எழுதப்பட்ட கடிதத்தைத்தான் அவள் வாசித்துத் தொலைத்திருக்கிறாள்.

“இருபது நிமிஷத்துல சராசரியம்மா தாளை எடுத்துக்கிட்டு வந்துருவாங்க,” என்றாள் தங்கை. “இவ இல்லாம அறுபதரை வரும். இவளை உக்கார வெச்சா ஐம்பத்தொன்பது. நேத்தே கணக்குப் போட்டுட்டேன். நீதான் பெரிய எழுத்தாளனாச்சே, சொல்லு. என்ன பண்றது?”

6

முடிவு ஒன்று: பொத்தான் தேர்வெழுதி முதல் மதிப்பெண் வாங்குகிறாள். (பின்னணியில் வயலின். வேண்டாம்.)

முடிவு இரண்டு: சராசரியம்மா மனம் திருந்திக் கண்ணீர் விடுகிறார். (பணி நிறைவு விழாவுக்கு இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. அதற்கு முன்னால் வாய்ப்பில்லை.)

முடிவு மூன்று: “சமத்தா இங்கயே இரு” என்று தங்கை அவளை நூலக அறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்துகிறாள். (நடக்கக்கூடியது. அதனால்தான் கை வரவில்லை.)

“முடிவைத் திறந்தே விட்டுடு,” என்றேன். “வாசகர் பார்த்துக்கட்டும். இப்ப எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க.”

“நீ எழுதினதைக் கடைசி வரி வரைக்கும் படிச்ச ஒரே ஆளு இங்க கதவுகிட்ட நிக்குது. அதுகிட்டயே சொல்லு.”

போன் கை மாறியது. மூக்கு உறிஞ்சும் சத்தம்.

“நீங்களா இதை எழுதினது?”

“ஆமாம்மா.”

“எனக்கு வயிறு நல்லாத்தான் இருக்கு.”

“தெரியும். அந்தக் ‘கடும்’னா... ரொம்பன்னு அர்த்தம்.”

கொஞ்சம் யோசித்தாள்.

“அப்ப இது கடும் பொய்.”

போனை எங்கேயோ வைத்துவிட்டாள். பெஞ்சு இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு வராந்தாவில் செருப்புச் சத்தம், சராசரியம்மாவின் குரல்:

“இருபத்திநாலு தாள்தானே, டீச்சர்?”

தங்கை ஓர் எண்ணைச் சொன்னாள். எனக்குத் தெளிவாகவே கேட்டது. எழுத மாட்டேன். அடுத்தவர் பெயரில் ஆறு கடிதம் எழுதியாயிற்று. ஏழாவதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். கீழே உங்கள் கையெழுத்தையே போடுங்கள், ஆனால் படித்துப் பார்த்துவிட்டு.