மூன்றாவது கோப்பை

பாஃபெனா தன் வீட்டில் இரண்டாவது சுற்றுக் காபியை ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான் அஸ்னாகெச்சின் பெயர் வந்தது. முதல் சுற்றில் யார் பெயரும் வராது. அது மழைக்கும் முதுகுவலிக்குமான சுற்று. மலையூரான தெப்ரே பிர்ஹானின் குளிருக்குக் கதவைச் சாத்தி, தரையில் பச்சைப் புல்லைப் பரப்பி, சாம்பிராணிப் புகைக்குள் பெண்கள் உட்கார்ந்துவிட்டால், இரண்டாவது சுற்றில் வராத ஆளைத்தான் மெல்லுவார்கள். வறுத்த பார்லி சும்மா ஒரு சாக்கு. அஸ்னாகெச் வந்திருக்கவும் முடியாது. புருஷன் தெஸெமா செத்து மாதம்கூட ஆகவில்லை. துக்கக்காரி நாற்பதாம் நாள் கழியாமல் அடுத்த வீட்டுக் காபிக்குப் போவதில்லை.

"கறுப்ப உடுத்திக்கிட்டு மாவு மில்லு வாசல்ல நின்னு சிரிக்கிறா," என்றாள் வொர்கே. "என் ரெண்டு கண்ணால பாத்தேன். வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறா."

"சாவு வீட்டுலயே அவ சரியா அழல. வெங்காயம் உரிச்சாலாவது அழுவாளான்னு பாக்கணும்," என்றாள் இன்னொருத்தி.

முலுநேஷ் கோப்பையை உதட்டிலிருந்து எடுக்கவில்லை. அஸ்னாகெச்சைச் சிரிக்க வைத்தவளே அவள்தான்.

அன்றைக்கு மில்லுக்கு இருவரும் சேர்ந்துதான் போனார்கள். தெஸெமாவுக்கு மில்காரன்மேல் தீராத சந்தேகம். மாவு கொட்டுகிற குழாய்க்கு அடியில் தலையை நீட்டிக்கொண்டு நிற்பான். வீட்டுக்கு வரும்போது தாடி மீசையெல்லாம் வெளுத்திருக்கும். 'ஒரு பிடி குறையல பாரு' என்பான், பாதி மாவைத் தன்மேலேயே சுமந்துகொண்டு. முலுநேஷ் குனிந்து, கழுத்தை நீட்டி, ஒரு தும்மல் போட்டு அவனை அப்படியே செய்துகாட்டினாள். அஸ்னாகெச் முதலில் திகைத்தாள். பிறகு சிரிப்பு பீறிட்டது. சிரித்து முடித்ததும் முலுநேஷின் தோளைப் பிடித்துக்கொண்டு, "அவரு வந்துட்டுப் போன மாதிரி இருக்குடி" என்றாள். வொர்கே ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்திருக்க வேண்டும். மூட்டைக்குப் பின்னால் குனிந்து நின்ற முலுநேஷ் அவள் கண்ணில் படவில்லை.

'நான்தான் சிரிக்க வச்சேன்.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொன்னால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். துக்கக்காரியிடம் செத்தவனை வைத்து வேடிக்கை காட்டியவள் என்ற பேச்சு சாயங்காலத்துக்குள் சந்தை வரை போய்விடும். வீட்டில் மாமியார் இன்றைக்கோ நாளைக்கோ என்று கிடக்கிறாள். அவள் கண்ணை மூடினால் பந்தல் போட, பாத்திரம் தர, அழ, ஆக்கிப்போட இந்தப் பெண்கள்தான் வர வேண்டும். இந்தப் பகுதியின் சாவுச் சங்கத்தில் பெண்களுக்கெல்லாம் தலைவி பாஃபெனா. அவள் போகச் சொன்னால் போவார்கள். வேண்டாம் என்றால் ஒரு கரண்டிகூட நகராது.

"சிரிக்கட்டும், யாரு வேண்டாங்கறது," என்றாள் பாஃபெனா நிதானமாக. "சிரிக்கத் தெரிஞ்சவளுக்கு நாற்பதாம் நாளுக்குச் சமைக்கவும் தெரியும். நாம எதுக்கு நடுவுல?" பிறகு திரும்பினாள். "நீ என்னடி சொல்ற முலு? உனக்குத்தான் அவ உசிருக்கு உசிராச்சே."

முலுநேஷ் ஒரு பிடி பார்லியை வாயில் போட்டாள். அவள் மென்று முடிக்கட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் மென்றுகொண்டே இருந்தாள். பிறகு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

அப்போதும் ஒரு வழி இருந்தது. மூன்றாவது சுற்றுக்குப் 'பரக்கா' என்று பெயர். அது ஆசிக் கோப்பை. அதற்கு முன்னால் எழுந்து போனால், வாயைத் திறக்காமலே அந்த வீட்டுப் பேச்சைக் காறித் துப்பிய மாதிரி. குடித்துவிட்டால் அங்கே பேசியதற்கெல்லாம் ஆமென் சொன்ன மாதிரி. முலுநேஷின் முழங்கால் ஒருமுறை அசைந்தது. பாஃபெனா கூஜாவைச் சாய்த்தாள். முலுநேஷ் கோப்பையை நீட்டினாள்.

காற்றுக்குக் கால் உண்டோ இல்லையோ, காபிப் பேச்சுக்கு உண்டு. வாரம் திரும்புவதற்குள் அஸ்னாகெச்சுக்குத் தெரிந்துவிட்டது.

"நீயும் இருந்தியாமே," என்றாள் வீட்டுக்கு வந்த முலுநேஷிடம், இஞ்சேரா ரொட்டி சுடும் கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இருந்தேன். ஆனா உன்னப் பத்தி ஒரு வார்த்த தப்பாப் பேசல. சத்தியமா."

"அது தெரியும்." மாவை வட்டமாக ஊற்றி முடித்தாள். மூடி போட்டாள். "மூணாவது கோப்ப குடிச்சியா?"

முலுநேஷ் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள். வீட்டுக்கு நடக்கும்போது கோபம் வந்தது. வாய்க்கு வந்ததைப் பேசியவர்களை விட்டுவிட்டு, பேசாமல் இருந்தவளிடம் கணக்குக் கேட்கிறாளே என்று பொருமினாள். அந்தக் கோபம் அவளுக்கு ரொம்ப வசதியாக இருந்தது. அதைக் கட்டிக்கொண்டுதான் அன்றைக்குத் தூங்கினாள்.

நாற்பதாம் நாள் காலையில் கத்தியை எடுத்துக்கொண்டு போனாள். முற்றத்தில் பெரிய பெரிய அண்டாக்கள் காலியாகக் கிடந்தன. ஒரு மூட்டை வெங்காயத்தின் முன்னால் அஸ்னாகெச்சும் கிராமத்திலிருந்து வந்த அவள் நாத்தனாரும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். முலுநேஷ் உட்கார்ந்து உரித்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை அஸ்னாகெச். மூன்று பேரின் கண்ணிலும் தண்ணீர் கொட்டியது. அது எதனால் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. பாதிரிமார் வந்தபோது குழம்பு பாதிதான் வெந்திருந்தது. தெஸெமாவின் பேரைச் சொல்லி ஆசீர்வதித்துவிட்டு, அதையே ஊதி ஊதிச் சாப்பிட்டுப் போனார்கள்.

மதியத்துக்குமேல் பெண்களும் வந்தார்கள். சமைக்க வரமாட்டோம் என்றுதான் பேச்சு. சாப்பிட வரமாட்டோம் என்று யார் சொன்னது. குழம்பை இஞ்சேராவில் தொட்டு வாயில் வைத்து, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அஸ்னாகெச் காபி போட்டாள். முதல் சுற்று எல்லோருக்கும் ஊற்றினாள். இரண்டாவதும் எல்லோருக்கும். மூன்றாவது சுற்றில் பாஃபெனாவுக்கு ஊற்றினாள், வொர்கேவுக்கு ஊற்றினாள், வரிசையாக வந்து முலுநேஷின் கோப்பைக்கு முன்னால் கூஜாவை நிமிர்த்தித் தரையில் வைத்துவிட்டாள்.

"முலுவுக்கு ஊத்தலையே," என்றாள் வொர்கே.

"அவ மூணாவத பாஃபெனா அக்கா வீட்டுலயே குடிச்சிட்டா," என்றாள் அஸ்னாகெச்.

பாஃபெனா தன் கோப்பையை ஊதினாள். முலுநேஷ் கை நீட்டியபடியே இருந்தாள். விரல்களில் வெங்காயக் கார்ப்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கோப்பையின் அடியில் இரண்டாவது சுற்றின் வண்டல் காய ஆரம்பித்திருந்தது.