ஒரு கண் நீலம்

"இன்னைக்கு வந்த பூனைக்குச் சுத்தமா காது கேக்கல. வளர்க்கிற அம்மா அதைத் திமிருன்னு நினைச்சுத் திட்டிக்கிட்டு இருந்திருக்காங்க," என்று சிரித்தபடி கணவன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

கால்நடை மருத்துவமனையில் அவனுக்கு உதவியாளர் வேலை. தெருவில் அவனுக்குப் பெயரே பூனை டாக்டர்தான்.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டாள் அவள்.

"பார்த்ததுமே சந்தேகம். உடம்பு தும்பைப்பூ வெள்ளை, ரெண்டு கண்ணும் நீலம். அந்த மாதிரிப் பூனைங்க நிறைய செவிடாதான் இருக்கும். நிறத்துக்கும் காதுக்கும் என்னமோ தொடர்பாம்."

அவள் ஊற்றிய தண்ணீர் தம்ளர் நிரம்பி மேசையில் ஓடியது.

"கண்ணை எங்க வச்சுக்கிட்டு ஊத்துறே?" என்றாள் மாமியார். மாமியாரின் மடியில் நாலு மாதப் பேத்தி. "பூனையை விடுடா. என் ராசாத்தியைப் பாரு. ஒரு கண்ணு கறுப்பு, ஒரு கண்ணு நீலம். அப்படியே தாய்மாமன் சாடை."

இந்தத் தாய்மாமன் பெருமையைத்தான் அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அவளுடைய அண்ணனுக்கு இரண்டு கண்ணும் நீலம். பிறந்ததிலிருந்தே காதும் கேட்காது. ஆனால் பெண் பார்க்க வந்தபோது, "சின்ன வயசுல காய்ச்சல், அதுல காது போயிடுச்சு," என்று அம்மா ஒரே போடாகப் போட்டுவிட்டாள். அதனால் இந்த வீட்டில் அண்ணனின் கண் ஒரு கதை, காது வேறொரு கதை. குழந்தைக்குக் கண் வந்ததைக் கொண்டாடினார்களே தவிர, கூடவே வேறு எது வந்திருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை.

யோசித்தவள் அவள் ஒருத்திதான். அவள் நெற்றிக்கு மேலேயும் பிறவியிலேயே ஒரு கத்தை முடி பால் வெள்ளை. பள்ளிக்கூட நாளிலேயே அம்மா அதில் சாயம் பூசத் தொடங்கினாள். பிறகு அதுவே அவளுக்குத் தொழிலும் ஆயிற்று. அழகு நிலையத்தில் ஊரார் நரையை மறைப்பது பிழைப்பு, தன் வெள்ளையை மறைப்பது பழக்கம். கல்யாணமாகி இத்தனை நாளில் வேரில்கூட வெள்ளை தெரிய விட்டதில்லை.

குழந்தை பிறந்ததிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூடியைத் தரையில் போடுவாள். தொட்டிலுக்குப் பின்னால் நின்று கை தட்டுவாள். குழந்தை சில சமயம் திரும்பும், சில சமயம் திரும்பாது. திரும்பினால் நிழல் பட்டிருக்குமோ, தொட்டில் ஆடியிருக்குமோ என்று மறுபடியும் தட்டிப் பார்ப்பாள். "கல்யாண வீட்டுச் சமையல்காரன்கூட இவ்வளவு பாத்திரம் உருட்ட மாட்டான்," என்பாள் மாமியார்.

கணவன் கை கழுவி வருவதற்குள் அவள் மூன்று முறை வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துவிட்டாள்.

"நம்ம பாப்பாவுக்குக் காது கேக்குதான்னு பாக்கணும்."

"ஏன், காலையில நான் கூப்பிட்டதும் திரும்பினாளே?"

"நீங்க தொட்டிலைத் தொட்டுக்கிட்டே கூப்பிட்டீங்க."

அவன் துண்டை இறக்கினான். "என்ன சொல்ல வர்றே?"

"எங்க அண்ணனுக்குக் காய்ச்சல் எல்லாம் வரல. பிறந்ததுலேர்ந்தே கேக்காது."

"அப்ப சம்பந்தியம்மா சொன்னது?" என்றாள் மாமியார்.

"பொய், அத்தை. எனக்கும் தெரியும்." அவள் நெற்றி முடியை ஒதுக்கிக் காட்டினாள். "இதுவும் சாயம்தான். இந்த இடத்துல எனக்குப் பிறவியிலேயே வெள்ளை."

மாமியார் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டாள். கணவன் துண்டைக் கொடியில் போட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"முடியை மறைச்ச, அது உன் முடி. காய்ச்சல்னு சொன்னீங்க, போகட்டும். நாலு மாசமா நீ மட்டும் மூடியைப் போட்டுப் பார்த்துக்கிட்டு இருந்தியே, பக்கத்துல படுத்திருக்கிற என்கிட்ட சொல்லாம, அதான் தாங்கல." பிறகு தலையில் கை வைத்துக்கொண்டான். "யாரோ வளர்க்கிற பூனைன்னா பார்த்ததும் தெரியுது. என் வீட்டுல இருக்கிறது தெரியல."

மறுநாள் காலையிலேயே மூன்று பேரும் குழந்தையோடு காது மருத்துவமனையில் இருந்தார்கள். குழந்தை தூங்கினால்தான் பரிசோதனை. மற்ற நேரமெல்லாம் தூங்கி வழிகிற பாப்பா இன்று கொட்டக் கொட்ட விழித்திருந்தாள். மாமியார் அவளை மார்பில் சாய்த்துக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தாள். ஆராரோ என்று எடுத்தவள் பாதியில் நிறுத்தி மருமகளைப் பார்த்தாள்.

"பாடுறதா, வேண்டாமா?"

"பாடுங்க அத்தை. நெஞ்சுல சாஞ்சிருக்கா. அதிர்வாவது தெரியும்."

மாமியார் பாடினாள். குழந்தை தூங்கியது.

தலையில் ஒட்டிய ஒயர்களைக் கழற்றிவிட்டு டாக்டரம்மா அவர்களை உட்காரச் சொன்னாள். குடும்பக் கதை முழுவதையும் கேட்டுக்கொண்டாள். இரண்டு காதிலும் கேட்கும் சக்தி மிகக் குறைவு என்றாள்.

"கருவுல நிறம் கொடுக்கிற செல்கள் முதுகுப் பக்கத்துலேர்ந்து கிளம்பி உடம்பெல்லாம் பரவும். மரபணுவுல ஒரு சின்ன மாற்றம் இருந்தா சில இடத்துக்குப் போய்ச் சேராது. முடிக்குப் போகலைன்னா வெள்ளை, கண்ணுக்குப் போகலைன்னா நீலம். உள்காதுக்கும் அந்தச் செல்கள் வேணும். அங்க இல்லைன்னா சத்தம் நரம்புக்குப் போகாது. உங்க குடும்பத்துல நடந்தது இதுதான்னு தோணுது, ரத்தப் பரிசோதனையில உறுதியாகும்."

"எனக்குக் கேக்குதே, டாக்டர்," என்றாள் அவள்.

"அதே மாற்றம் ஒருத்தரை முடியோட விட்டுடும், இன்னொருத்தரைக் காது வரைக்கும் தொடும். யாரு தப்பும் இல்ல."

"வெள்ளைப் பூனைங்களுக்கும் இதே கதைதானா?" என்றான் கணவன்.

"மரபணு வேறயா இருக்கலாம். விஷயம் ஒண்ணுதான். கருவி இருக்கு, சிகிச்சை இருக்கு. ஆனா மொழிக்குக் காத்திருக்க வேண்டாம். கையால பேச இன்னைக்கே ஆரம்பிங்க. நல்ல வேளை, சீக்கிரம் வந்துட்டீங்க."

தாழ்வாரத்துக்கு வந்ததும் கணவன் கைபேசியில் மச்சானை வீடியோவில் அழைத்தான். மச்சானிடம் எப்போதும் தொண்டை கிழியக் கத்திப் பேசுகிறவன், இன்று வாயே திறக்கவில்லை. தூங்கும் குழந்தையைக் காட்டினான். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல் மனைவியிடம் திரும்பினான்.

"உங்க மருமக உங்களை மாதிரியேன்னு எப்படிச் சொல்றது?"

அவள் கையால் செய்து காட்டினாள். அவன் அதைப் பார்த்துச் செய்தான். திரையில் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையால் படபடவென்று ஏதோ சொன்னான்.

"என்னவாம்? பயப்பட வேண்டாம்கிறாரா?"

"இல்ல. கை விறகுக்கட்டை மாதிரி இருக்காம். தளர்த்திக்கிட்டு மறுபடி செய்யச் சொல்றார்."

அவன் கையை உதறிக்கொண்டு மறுபடி செய்தான். பக்கத்தில் மாமியாரும் செய்து பார்த்தாள்.