பாதிரியாரின் கழுத்துப்பட்டை

மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில், நண்பகல் லுஹர் தொழுகை முடிந்து வயிறும் நிறைந்தபின், ரங்கூனின் பபேடான் பேட்டைக்கே ஒரு மயக்கம் வந்துவிடும். பேருந்துகள்கூடக் கொட்டாவி விட்டபடியே போகும். அந்த மயக்கத்தில், மசாலாக் கடைக்கு மேல்மாடியில் இருந்த படிப்பகத்தில், கீழேயிருந்து ஏறிவரும் சீரக வாசத்துக்கு நடுவே, இருபது பேர் பாய் விரித்து உட்கார்ந்து இங்கிலாந்தில் பனி பெய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே மழை. பெட்டிக்குள்ளே பனி. இரண்டுக்கும் நடுவே மீரா முகைதீன்.

தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் கைவைத்த நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்திருப்பார். பத்து வாரமாக அந்த இங்கிலீஷ் தொடருக்கு அவர்தான் தமிழ் வாய். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு கிராமம். அங்கே சைக்கிளில் போகிற ஒரு பாதிரியார். வாரத்துக்கு ஒரு பிணம். போலீஸ்காரர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க, பாதிரியார் கொலைகாரனைக் கண்டுபிடித்துவிடுவார். அவருக்குச் சமைத்துப்போட ஒரு விதவை இருந்தாள்.

முகைதீன் முப்பது வருஷம் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் டைப் அடித்தவர். நிமிஷத்துக்கு அறுபது வார்த்தை. விரல்களுக்குத் தெரிந்த இங்கிலீஷ் தமக்குத் தெரியாது என்பதை அவர் அந்த விரல்களிடம்கூடச் சொன்னதில்லை. பிணத்தின் பக்கத்தில் பாதிரியார் உருக்கமாகப் பேசினால், தொண்டையைச் செருமிக்கொண்டு, "மேற்படி நபர் மேற்படி கத்தியால் காலமானது குறித்து நாம் வருந்துகிறோம்" என்பார். சபை தலையாட்டும்.

அந்த விதவை வரும் இடத்தில் மட்டும் ஆபீஸ் பாஷை கழன்றுவிடும். அவள் தட்டை வைத்துவிட்டு இரண்டு வார்த்தைதான் சொல்வாள். முகைதீன் கண்ணை மூடிக்கொள்வார். "நீங்க திரும்பி வர்ற வரைக்கும் இந்த வீட்டுல கடிகாரம் ஓடுறதில்ல." பெண்கள் பக்கத்திலிருந்து பெருமூச்சு கிளம்பும். அந்த வசனம் பாதிரியாருக்கு இல்லை, ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே பார்க்கும் உம்மு சல்மாவுக்குத்தான். அவளும் விதவை, தையல்காரி. இவரும் மனைவியை இழந்து ஆறு வருஷம்.

போன வாரம் தைலம்மாள் மூலம் கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டும் விட்டார். தைலம்மாள் உம்மு சல்மாவிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கிறவள். எந்தச் செய்தியையும் வழியில் சிந்தாமல் கொண்டுபோகக் கூடியவள். பதில் கொண்டுவந்தாள். "ஞாயித்துக்கெழம அந்தப் பாதிரியார் என்ன முடிவு எடுக்குறாருன்னு பாத்துட்டுச் சொல்றேன்னுச்சு, பாய்."

முகைதீன் சனிக்கிழமையே பசுந்தாங் பேட்டையிலிருந்த தம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தொடரின் கடைசி வீடியோத் தட்டைப் போட்டுப் பார்த்தார். பார்த்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

இப்போது அதே காட்சி. பாதிரியாருக்கு வேறு ஊருக்கு மாற்றல். சமையலறையில் வந்து நிற்கிறார். விதவை அடுப்பைக் கிளறுகிறாள். பனி ஜன்னலைத் தடவுகிறது. பாதிரியாரின் கை மெல்ல உயர்ந்தது. கழுத்திலிருந்த வெள்ளைப் பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

படம் ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. மின்சாரம் போய்விட்டது.

யாரும் எழுந்திருக்கவில்லை. கறுத்த கண்ணாடிக்குள் அவர்களுடைய முகங்களே மங்கலாக மிதந்தன. ஒரு கணம், இருபது பேரும் அந்தப் பனிக்கிராமத்துச் சமையலறையில் உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

"கழட்டிட்டாரு!" தைலம்மாள்தான் முதலில் விழித்தாள். "முடிஞ்சுது! கல்யாணந்தான்! எங்க கீழ்வீட்டு பர்மாக்காரரு கோ சோ மூணு தடவ பொங்ஜியாப் போயி, மூணு தடவையும் காவியக் கழட்டிட்டு லொஞ்சி கட்டி வந்துட்டாரு. மூணாவது தடவ வந்துதான் பொண்டாட்டி கட்டினாரு."

ரங்கூனில் இதில் ஆச்சரியமில்லை. மனிதர்கள் தலையை மழித்துப் பத்து நாள் துறவியாக இருந்துவிட்டுக் கடையைத் திறக்கத் திரும்புவார்கள். உலகத்துச் சாமியார்கள் எல்லோருக்கும் இதே வழக்கம்தான் என்பதில் படிப்பகத்துக்குச் சந்தேகமே கிடையாது.

படிப்பகத் தலைவர் முத்து முகம்மது எழுந்து நின்று லொஞ்சியை இறுக்கிக்கொண்டார். "இந்த இறுதிக் கட்டம் துறவுக்கும் இல்லறத்துக்கும் நடந்த மாபெரும் தர்க்கம். அதை நான் இமைக்காமல் கவனித்தேன்." கடைசி அரைமணி நேரம் அவர் விட்ட குறட்டையைத்தான் மற்றவர்கள் இமைக்காமல் கவனித்தார்கள்.

"அது கெடக்கட்டும்," என்றார் தைலம்மாளின் கணவர் கருப்பையா, ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். "சர்ச்சுல ஆர்கன் வாசிச்சவனக் கொன்னது யாரு?"

"நீங்க ஒருத்தரு! கல்யாண வீட்டுல வந்து பொணத்தக் கேக்குறீங்க! பாய், நீங்கதான் நேத்தே பாத்துட்டீங்கல்ல? கல்யாணந்தானே? சொல்லுங்க!"

எல்லா முகமும் நாற்காலிப் பக்கம் திரும்பியது. ஜன்னலோரத்தில் ஊசி நின்றுவிட்டது.

ஒரே ஒரு வார்த்தை. பத்து வாரமாக எத்தனையோ சொன்னவருக்கு இன்னும் ஒன்று சொல்ல என்ன தயக்கம்? ஆனால், ஊசியைப் பிடித்த அந்தக் கை அவர் வாயிலிருந்து விழப்போவதை நம்பி அந்தரத்தில் நின்றது. மழைச் சாம்பல் வெளிச்சத்தில் அதைப் பார்த்ததும், வாய்வரை வந்த கல்யாணம் திரும்பி இறங்கிவிட்டது.

"கழட்டினது... தொவைக்கிறதுக்கு," என்றார்.

"என்னது?"

"அழுக்காயிருந்துச்சு. பிரஷ்ஷால தேச்சு, அடுப்போரமாக் காயவச்சு, திரும்ப மாட்டிக்கிட்டு ரயிலேறிப் போய்ட்டாரு. அந்தம்மா ஜன்னல்ல நின்னு பாத்துச்சு. அப்புறம் திரைய இழுத்துவிட்டுச்சு. அவ்வளவுதான்."

மாடி கொந்தளித்தது. முடிவு சரியில்லை என்றார்கள். தட்டே போலி என்றார்கள். "ரயில் கெளம்புறப்ப பச்சைக் கொடி காட்டினாங்களா?" என்று கருப்பையா தனியாக விசாரித்தார். தைலம்மாள் இடுப்பில் கைவைத்தாள். "கடிகாரம் ஓடலைன்னு சொன்னவ திரைய இழுத்துவிடுவாளா? நம்புற மாதிரியா இருக்கு?"

"அது அவ சொன்னதில்ல. நான் சொன்னது."

"பின்ன அவ என்ன சொன்னா?"

"தெரியாது." ஐம்பத்தாறு வருஷத்தில் அவர் முதல்முறையாக உச்சரித்த சொல் அது. சொன்னதும் நாற்காலிக்கு உயரம் குறைந்தது போலிருந்தது.

"'சூப்பு ஆறுது'ன்னு சொன்னா," என்றது ஜன்னலோரம்.

எல்லோரும் திரும்பினார்கள். உம்மு சல்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நாலாவது வாரம் அழுதுக்கிட்டே சொன்னாளே, அது 'கூரை ஒழுகுது'. ஆர்கன்காரனக் கொன்னது போலீஸ்காரரோட அண்ணன், கருப்பையாண்ணே. போன வாரமே ஒத்துக்கிட்டான். அதத்தான் இவங்க 'மேற்படி சரக்கு வந்து சேர்ந்தது'ன்னாங்க."

கான்வென்டை அரசாங்கம் எடுத்துக்கொள்ளும்வரை ஏழு வருஷம் அவள் அங்கே படித்தவள். யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

"அப்போ பத்து வாரமா..." என்று இழுத்தார் முகைதீன்.

"ரெண்டு கதை கேட்டேன். உங்க கதை கொஞ்சம் நல்லாருந்துச்சு. பொணம் வர்ற எடந்தவிர."

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தைத்த சட்டையை மடித்து மடியில் வைத்தாள்.

"இன்னைக்கும் ஒரு கல்யாணத்தச் சொல்லுவீங்கன்னுதான் நெனச்சேன். சொல்லியிருந்தா எந்திரிச்சுப் போயிருப்பேன்." ஊசியை நூல்கண்டில் குத்திவைத்தாள். "எனக்குச் சம்மதந்தான். ஆனா வீட்டுக்குள்ள நான் ஒண்ணு சொன்னா அது அந்த ஒண்ணுதான். கூரை ஒழுகுதுன்னா ஏணிய எடுக்கணும். கண்ண மூடிக்கிட்டு நிக்கக் கூடாது."

பத்து வாரமாக அவரை அண்ணன் முறையில் 'நானா' என்று அழைத்தவள், இத்தனை பேச்சிலும் ஒருமுறைகூட அப்படி அழைக்கவில்லை என்பது முகைதீனுக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

தெருவெல்லாம் "மீ லாபி!" என்று கூச்சல் எழுந்தது. மின்சாரம் வந்துவிட்டது. தட்டு முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தது. பாதிரியார் கழுத்தில் பட்டையோடு, ஒன்றுமே நடக்காதது போல, பனியில் சைக்கிளை மிதித்து வந்தார். விதவை கதவைத் திறந்து ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றா பாய்?" என்றாள் தைலம்மாள், பழக்கதோஷத்தில்.

முகைதீன் தொண்டையைச் செருமினார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு கைவைத்த நாற்காலியிலிருந்து இறங்கிப் பாயில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டார்.