மீனம்மாவின் பெயருக்கு எதிரே ஒரு கட்டம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு புகாரிலிருந்து கிடைத்தது. இலங்கை மலையகத்தில், நோர்வூட் கண் முகாமில் யாரோ, "டிக் போட்டா விழமாட்டேங்குது!" என்று போனில் கத்தினாராம். நண்பர் சொன்னது அவ்வளவுதான். மீதி என் கற்பனை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மலைமுகடுகளில் பனி படர்ந்திருந்த அந்தக் காலையில்...' (வேண்டாம். முகாம் நடந்த மண்டபத்துக்குள் இருந்த யாரும் பனியைப் பார்க்கவில்லை.)

2

போனை எடுத்தவள் ஜெயந்தினி. ஹட்டனில் ஒரு சின்னக் கம்பனியில் மென்பொருள் எழுதுகிறவள். முகாமுக்கான கணினிப் பட்டியலை அவள்தான் இலவசமாகச் செய்துகொடுத்திருந்தாள். நாற்பத்தாறு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ஒப்பரேஷனுக்குச் சம்மதம்' என்று ஒரு கட்டம். டிக் விழுந்த பெயர்கள் பன்னிரண்டு மணிக்குள் வைத்தியசாலைக்குப் போனால்தான் செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் இடம்.

பெயர்களை யாரும் தவறுதலாக மாற்றிவிடக்கூடாதென்று அட்டவணையைப் பூட்டியிருந்தாள். கட்டங்களும் சேர்ந்து பூட்டிக்கொண்டது முகாமுக்கு பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. வந்து சேர்ந்தபோது மணி பத்தரை.

"அமத்தி அமத்தி விரலே தேஞ்சிருச்சு தங்கச்சி," என்றார் முகாமை நடத்திய கஜேந்திரன் மாஸ்டர்.

3

அவசரத்தில் அட்டவணை முழுவதையும் திறந்துவிட்டாள். மாஸ்டர் கட்டத்தைத் தட்டப்போய்ப் பக்கத்திலிருந்த பெயரைத் தட்டி, அழிக்கும் பொத்தானையும் அழுத்திவிட்டார். வரிசையில் முதல் ஆளாக நின்ற தேயிலைக் கொழுந்து பறிக்கும் மீனம்மா, திரையில் வெறும் 'மீ' ஆனார்.

"ஐயோ, ஒங்க பேரு அழிஞ்சிருச்சே!"

"பேரு போனா போகட்டுங்க மாஸ்டர், கண்ணு வந்தா போதும்."

மண்டபமே சிரித்தது. (இங்கே மீனம்மாவை அழவைத்து ஒரு பத்தி எழுதினேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அடித்துவிட்டேன்.)

4

ஜெயந்தினி பெயரைச் சரிசெய்தாள். பிறகு சம்மதக் கட்டம் தவிர மற்ற எல்லா நெடுவரிசைகளையும் ஒவ்வொன்றாகப் பூட்டினாள். மாஸ்டர் தட்டினார். டிக் விழுந்தது! கைதட்டினார்கள். அச்செடுத்துப் பார்த்தால் பட்டியல் வெறுமை.

டிக் கண்ணுக்குத் தெரிந்ததே தவிர, அந்தக் கட்டத்தைவிட்டு நகரும்வரை உள்ளே பதியவில்லை. தட்டிய கணமே பதியும்படி ஒரு வரி சேர்த்தாள். சோதனைக்குப் போட்ட டிக்கை எடுத்தாள். மணி பதினொன்று இருபது.

5

"இந்தா, ஒங்களுக்குப் போட்டுர்றேன் அக்கா," என்றாள் மீனம்மாவிடம்.

"இரு புள்ள. சம்மதம் என்னோடதுதானே? நானே அமத்துறேன்."

ஜெயந்தினி அவர் விரலை மௌஸில் வைத்தாள். டிக்.

"விழுந்திருச்சா?"

"விழுந்திருச்சு."

"இன்னொருக்கா அமத்தவா?"

"ஐயோ, அமத்துனா போயிரும்!"

"அப்ப நாங்களும் நாங்களேதான் போடுவோம்!" என்று பின்னாலிருந்து குரல்கள். தான் எழுதிய ஒன்றைத் தொட ஆட்கள் இப்படி முண்டியடிப்பதை ஜெயந்தினி அன்றுதான் பார்த்தாள். வாய் வலிக்கச் சிரித்தாள்.

பதினொன்று ஐம்பதுக்குப் பட்டியல் போனது: நாற்பத்து மூன்று பெயர்கள். மூன்று பேர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். அவர்களை வற்புறுத்த அவளுக்கும் மனமில்லை, எனக்கும்.

6

செவ்வாய்க்கிழமை பஸ் போனது. மீனம்மாவுக்கு ஜன்னலோர இருக்கை. ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. அதில் நான் விளையாட மாட்டேன்.

கண்ணில் போட்ட கட்டை அவிழ்க்கும் காட்சியை மூன்று தடவை எழுதினேன். ஒன்றில் மீனம்மாவின் மகள் நிற்கிறாள். ஒன்றில் ஜெயந்தினி. இன்னொன்றில் முன்பின் தெரியாத ஒரு... (முடிக்கவில்லை.)

தாதி கட்டை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார். மீனம்மா முதலில் யாரைப் பார்க்கப்போகிறார் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் கொஞ்சம் முன்னே வந்து நில்லுங்களேன்.